பத்தா, எட்டா? நம் முகவரி மாற்றப் பயிற்சிகள் மீது ஒரு திறனாய்வு

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்துவிடுவோம்.

பக்கத்தில் கணினி இருந்தால் பைத்தானைத் திறந்துகொள்ளுங்கள். அதன் சாக்கெட் நூலகத்தில் ஐநெட்-ஏ-டு-என் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. (பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன், வகுப்பில் அப்படித்தானே சொல்கிறோம்.) பிணைய முகவரியை எழுத்துச் சரமாகக் கொடுத்தால் அதை நான்கு பைட்டாக மாற்றித் தருவது அதன் வேலை. அதனிடம் 192.168.001.010 என்று கொடுங்கள். வரும் நான்கு பைட்டையும் பட்டியலாக மாற்றிப் பாருங்கள். 192, 168, 1, 10 என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? திரையில் 192, 168, 1, 8 என்று வரும்.

தட்டச்சுப் பிழை இல்லை. கணினியும் கெட்டுப்போகவில்லை.

நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறி வரும் ஒரு வகைப் பயிற்சித்தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் முகவரி, வலது பக்கம் எட்டெட்டாக 32 கட்டங்கள். ‘ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக எழுதுக, பின்பு இரும எண்ணாக மாற்றுக’ என்று கட்டளை. அழகாக, வரிசை பிசகாமல் இருக்கும். திருத்துவதும் சுலபம். பாடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடந்தாலும், புரியாத பிள்ளைக்கு டியூஷனில் தமிழில் விளக்கும்போது இந்தத் தாள் ரொம்பக் கைகொடுக்கும். நானும் பல வருடம் இதைப் பிரதியெடுத்துக் கொடுத்தவன்தான். அதனால் இந்தத் திறனாய்வில் குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாணவன் 010.000.000.001 என்ற முகவரிக்கு முதல் எட்டுக் கட்டத்தில் 00001000 என்று எழுதியிருந்தான். ஸ்கெமாவில் இருந்தது 00001010. நான் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டேன். பையன் விடவில்லை. “சார், முன்னால சுழியம் போட்டா அது பெர்லாபானான் இல்லையா? ரெண்டாம் படிவத்துல படிச்சோமே. எட்டடி எண்ணுல 10-னா நம்ம எண்ணுல 8தானே?” என்று கேட்டான். “அது வேற பாடம்டா, இது நெட்வொர்க். முன்னால வர்ற சுழியத்துக்கு மதிப்பு கிடையாது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் மேலே சொன்ன சோதனையைத் திரைப்படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டினான். நான் கொடுத்த விடைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவனிடம் இருந்தது.

அந்த மூன்று இலக்க வழக்கம் நிஜமாக எங்கே கொண்டுபோய்விடும் என்று பாருங்கள். ஒரு கணினிக்கூடத்தில் ஐந்து கணினிகள். அவற்றின் முகவரிகள் 192.168.1.7 முதல் 192.168.1.11 வரை. நாம் நம் தாளில் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு மாணவி அழகாக மூன்று இலக்கத்தில் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறாள்: கடைசிப் பகுதி 007, 008, 009, 010, 011. நிரல் அந்தக் கோப்பைப் படித்துப் பழைய ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. 007 என்பது 7. அது சரியாகப் போகும். 008 மறுக்கப்படும், ஏனென்றால் எட்டடி எண்ணில் 8 என்ற இலக்கமே கிடையாது. 009-க்கும் அதே கதி. 010 எட்டாம் கணினிக்குப் போகும். 011 ஒன்பதாம் கணினிக்குப் போகும்.

இப்போது வகுப்பில் நிற்கும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். ஒன்று வேலை செய்கிறது. இரண்டு செய்யவில்லை. மிச்சம் இரண்டும் வேலை செய்வது போலத் தெரிகிறது, ஆனால் செய்தி வேறு ஆளுக்குப் போய்ச் சேர்கிறது. கேபிளை மாற்றுவோம், சுவிட்சை அணைத்துப் போடுவோம். அந்தச் சுழியத்தை யாரும் சந்தேகிக்க மாட்டோம். அதற்கு மதிப்பில்லை என்று நாமேதானே சொல்லிக் கொடுத்தோம்!

பழைய ஃபங்ஷன் ஏன் இப்படி இருக்கிறது? ஐநெட்-ஆட்ர் என்ற அதன் மூத்த உறவு 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வெளியானது. சி மொழி எழுதுகிறவர்கள் செய்த வேலை அது. சி மொழியில் சுழியத்தில் தொடங்கும் எண் எட்டடி எண். சுழியமும் எக்ஸும் சேர்ந்து தொடங்கினால் பதினாறடி எண். அந்த வழக்கத்தையே முகவரிக்கும் வைத்தார்கள். அதோடு, அந்தக் காலத்தில் முகவரிகள் ஏ, பி, சி என்று வகுப்பாகப் பிரிந்து கிடந்தன. ஏ வகுப்பில் முதல் பைட் பிணையத்துக்கு, மீதி 24 பிட்டும் கணினிக்கு. ஆகவே 127.1 என்று இரண்டே பகுதியாக எழுதினாலும் அது 127.0.0.1 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு புள்ளியும் இல்லாமல் வெறும் 3232235786 என்று கொடுத்தாலும் எடுத்துக்கொண்டு 192.168.1.10 என்று புரிந்துகொள்ளும். வகுப்பு முறையை 1993-இல் கைவிட்டாயிற்று. ஃபங்ஷன் மட்டும் பழைய வழக்கத்தை விடாமல் இருக்கிறது, தாத்தா வீட்டில் பழைய பத்து காசு நாணயத்தை எடுத்து வைத்திருப்பது போல.

தாராளமாக ஏற்றுக்கொள்வதை ஒரு குணமாகக்கூடச் சொல்லலாம். எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. ஐநெட்-ஆட்ர் ஃபங்ஷனுக்கு ‘இது முகவரியே இல்லை’ என்று சொல்லத் தெரியாது. அது திருப்பித் தருவது ஒரே ஒரு 32 பிட் எண். விடையும் அதே வழியாக வரவேண்டும், மறுப்பும் அதே வழியாக வரவேண்டும். எனவே மறுப்புக்கு -1 என்று வைத்தார்கள். இரண்டின் நிரப்பியில் -1 என்றால் என்ன, மாணவர்களே? 32 பிட்டும் 1. அதை எட்டெட்டாக வெட்டி எழுதுங்கள்: 255.255.255.255. அது முறையான முகவரி. உள்ளூர்ப் பிணையத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முகவரி. ‘தவறு’ என்ற சொல்லும் ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லும் ஒன்றாகிவிட்டது. பயனர் உளறலாக எதையோ தட்டச்சு செய்கிறார். நிரல் சோதிக்காமல் விட்டால் அது ‘எல்லாருக்கும்’ என்று ஆகிறது. இரண்டின் நிரப்பிக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பாடநூலில் பார்த்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காக இந்த ஃபங்ஷனை வகுப்பில் காட்டலாம். பயன்படுத்தக் கொடுக்கக் கூடாது.

நம் பிள்ளைகள் இன்னும் இதைப் பயன்படுத்துகிறார்கள், அதுதான் வருத்தம். விஷுவல் ஸ்டூடியோவில் சி++ எழுதும் பையன் இதைப் போட்டால், இது பழையது, ஐநெட்-பி-டு-என் பயன்படுத்து என்று கம்பைலர் தெளிவாகவே தடுக்கிறது. பையன் என்ன செய்கிறான்? அந்த எச்சரிக்கையை அடக்கும் வரியை எங்கிருந்தோ நகலெடுத்து நிரலின் தலையில் ஒட்டிவிடுகிறான். செயல்திட்டப் பணிகளைத் திருத்தும் ஆசிரியர்களே, அந்த வரியைக் கண்டால் கொஞ்சம் நின்று அவனிடம் பேசுங்கள். மார்க் வெட்டுவதைவிட அது நல்லது.

பழைய ஜோடியில் எதிர்த்திசையில் மாற்றும் ஐநெட்-என்-டு-ஏ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடையை எப்போதும் ஒரே இடத்தில் எழுதும். அனுப்புநர், பெறுநர் இரண்டு முகவரியையும் ஒரே அச்சுக் கட்டளையில் போட்டால் இரண்டும் ஒரே முகவரியாக வரும். அவ்வளவுதான்.

புதிய ஜோடி ஐநெட்-பி-டு-என், ஐநெட்-என்-டு-பி. ஆறாம் பதிப்பு முகவரிகள் வந்தபோது 1990-களின் பிற்பகுதியில் இவற்றை வகுத்தார்கள். பெயரில் உள்ள ‘பி’ என்பது பிரசென்டேஷன், அதாவது மனிதர் கண்ணுக்குக் காட்டும் வடிவம். ‘என்’ என்பது நெட்வொர்க், கம்பியில் போகும் வடிவம். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த மாணவரும் அந்த ‘பி’யைத் தானாகக் கண்டுபிடித்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் வேலை சுத்தம். மாற்றிய பைட்டுகளை ஒரு வழியாகவும், தீர்ப்பை வேறு வழியாகவும் தருகிறது. 1 என்றால் சரி. 0 என்றால் எழுதிய முகவரி தவறு. -1 என்றால் நீ கேட்ட முகவரி வகையே எனக்குத் தெரியாது. லினக்ஸ் கணினியில் இதனிடம் 010.0.0.1 கொடுத்தால் 10 என்றும் சொல்லாது, 8 என்றும் சொல்லாது. ஏற்க மறுத்துவிடும். 127.1 என்றாலும் மறுப்புத்தான்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சி மொழியில் சுழியம் அல்லாத எதுவும் உண்மைதான். விடை 1 ஆக இருக்கிறதா என்று ஒப்பிடாமல் நேரடியாக ‘இஃப்’ போட்டு எழுதினால் -1-உம் வெற்றியாகிவிடும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை, தவறு என்றால் விதிவிலக்கு எழுப்பி நிரலை நிறுத்திவிடும். எதிர்த்திசை ஃபங்ஷனுக்கு நாமே இடம் ஒதுக்கித் தரவேண்டும்: நான்காம் பதிப்புக்கு 16 எழுத்து, ஆறாம் பதிப்புக்கு 46. ஏன் 16 என்று மாணவர்களைக் கேளுங்கள். நான்கு மூன்றிலக்கம் 12, புள்ளி 3, மொத்தம் 15. சரத்தை முடித்து வைக்கும் சுழியக் குறி ஒன்று. (புள்ளியை எண்ண மறந்தால் நம் ஊர் வழக்கில் ‘புள்ளி’ போய்விடும் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும்.) 46-ஐ அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

“ஒரு சுழியத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று நீங்கள் கேட்கலாம். 2021-இல் நடந்ததைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நெட்மாஸ்க் என்று பரவலாகப் பயன்படும் ஒரு நூலகம், நம் பயிற்சித்தாள் போலவே, முன் சுழியத்தை உதறிவிட்டுப் பத்தடி எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு பைத்தானின் ஐபி-அட்ரஸ் நூலகத்திலும் அதே ஓட்டை பதிவாயிற்று, 3.8 பதிப்பில் முன் சுழியங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி தளர்த்தியிருந்தார்கள். இரண்டும் பாதுகாப்புக் குறைகளாக அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன.

ஏன் பாதுகாப்புக் குறை? 0177.0.0.1 என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார். வாசலில் நிற்கும் சோதனை நிரல் சுழியத்தை உதறி 177.0.0.1 என்று படிக்கிறது. வெளியூர் முகவரி, போகலாம் என்று விடுகிறது. உள்ளே இணைப்பு ஏற்படுத்தும் பழைய ஃபங்ஷன் அதை எட்டடி எண்ணாகப் படிக்கிறது. 1×64 + 7×8 + 7, ஆக 127. 127.0.0.1 என்பது அந்தக் கணினி தன்னையே அழைக்கும் முகவரி. வெளியாள் தொடவே கூடாத கதவு திறந்துவிட்டது. வாசற்காவலரும் வீட்டுக்காரரும் ஒரே சீட்டை இரண்டு விதமாகப் படித்ததால் வந்த வினை. இதில் 177 சரியா, 127 சரியா என்று வாதாடிப் பயனில்லை. அதனால்தான் பைத்தான் 3.9.5 முதல் ஐபி-அட்ரஸ் நூலகம் முன் சுழியத்தைக் கண்டாலே மறுக்கிறது. கோ மொழியும் 2021 ஆகஸ்டில் வந்த 1.17 பதிப்பில் அப்படியே மாறியது. என் மாணவனின் விடையும் ஸ்கெமாவின் விடையும் இரண்டுமே தப்பு என்று இந்த நூலகங்கள் சொல்கின்றன. கேள்வியே தப்பு.

பயிற்சித்தாளின் அடுத்த குறைக்கு வருகிறேன். 32 கட்டத்தில் நிரப்பும் 11000000 10101000 00000001 00001010 என்பதை ‘இரும வடிவம்’ என்று அது சொல்கிறது. அது மனிதன் படிக்க எழுதிய இன்னொரு எழுத்துச் சரம்தானே? கணினிக்குள் 192.168.1.10 என்ற சரம் 12 எழுத்து, அதாவது 12 பைட். ஒன்றும் சுழியமுமாக எழுதியது இடைவெளியோடு 35 எழுத்து. கம்பியில் போகும் இரும வடிவம் நான்கே நான்கு பைட். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாவிட்டால், பைத்தானின் பின் ஃபங்ஷனைக் கூப்பிட்டு வரும் சரத்தையே சாக்கெட்டில் அனுப்பிவிட்டு “சார், போகலையே” என்று பிள்ளை வந்து நிற்கும். அந்த ஃபங்ஷன் முன் சுழியங்களையும் போடாது. 10 கொடுத்தால் 0b1010 என்று வரும், 0b என்ற முன்னொட்டுக்குப் பின் நான்கு இலக்கம்தான். பத்தடி எழுத்தில் முன் சுழியம் கூடவே கூடாது, எட்டு பிட்டாக எழுதும்போது முன் சுழியம் இல்லாமல் முடியாது. இந்த எதிரும் புதிரும்தான் பாடத்தின் சுவையான இடம். நம் தாள் அதன் மேல் மூன்று இலக்கத் துணியைப் போர்த்தி மூடிவிட்டது.

சிங்கப்பூரில் ஏ நிலைக் கணினிப் பாடம் எடுத்து சாக்கெட் எழுதும் மாணவர்களுக்கு இன்னொன்று. அந்த நான்கு பைட்டையும் ஒரே எண்ணாகப் படித்தால் என்ன வரும்? பெரிய பைட் முதலில் என்று படித்தால் 3232235786. இன்டெல் கணினியில் சி நிரல் அந்த 32 பிட்டை நேரடியாக அச்சிட்டால் 167880896. இரண்டும் அதே நான்கு பைட்தான். பின்னதை வலமிருந்து இடமாகப் படித்திருக்கிறது, 10.1.168.192 என்பது போல. பிணையத்தில் பெரிய பைட் முதலில் என்பது முடிந்துபோன உடன்பாடு. இந்தச் சண்டைக்குப் பெரு முனை, சிறு முனை என்று 1980-இல் பெயர் வைத்த டேனி கோஹன், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவர் கதையில் நடக்கும் போரிலிருந்து அதை எடுத்தார். பைத்தானில் பைட்டை எண்ணாக்கும்போது ‘பிக்’ என்று கூடவே எழுதச் சொல்லிப் பழக்குங்கள்.

கடைசியாக, திருத்தும் ஆசிரியர்களுக்கு. ஆறாம் பதிப்பு முகவரியை ஸ்கெமாவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்தாதீர்கள். 0:0:0:0:0:0:0:1 என்பதும் ::1 என்பதும் ஒரே 16 பைட். ஒரு பகுதியின் முன்னால் வரும் சுழியத்தை விட்டாலும் சேர்த்தாலும், பதினாறடி எழுத்தைப் பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும் முகவரி மாறாது. எழுதும்போது ஒரே மாதிரி எழுத 2010-இல் ஒரு பரிந்துரை வந்தது: சிறிய எழுத்து, மிக நீளமான சுழிய வரிசைக்கு மட்டும் இரட்டைப் புள்ளி ஜோடி. அது எழுதுகிறவருக்கு. படிக்கிறவர், அதாவது நீங்கள், எல்லா முறையான வடிவத்தையும் ஏற்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டையும் ஐநெட்-பி-டு-என் வழியாக அனுப்பிப் பைட்டுகளை ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை. ஒரு பிள்ளையின் மார்க் நியாயமாக நிற்கும்.

கோடு போட்ட அந்தத் தாளை மாணவனிடமிருந்து திரும்ப வாங்கி, அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு மொத்த மார்க்கை மறுபடி கணக்கிட்டேன். அதன் இடத்தில் இப்போது இருக்கும் கேள்வி இது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘கீழ்க்காணும் ஆறு சரங்களில் எவற்றை உன் நிரல் பைட்டாக மாற்ற வேண்டும், எவற்றை மறுக்க வேண்டும்? மறுப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதுக. 192.168.1.10, 192.168.1.010; 192.168.1, 192.168.1.256, 255.255.255.255, 192.168.1.10 என்பதன் பின்னால் ஓர் இடைவெளி.’

ஆறாவது சரத்தில் வகுப்பு எப்போதும் இரண்டாகப் பிரிகிறது. பிரியட்டும் என்று விட்டுவிட்டு, பைத்தானில் பழையதையும் புதியதையும் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.